கருவின் கதை சொன்ன ஊமைப் படங்கள்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மூலை அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் வரிசையாகச் செருகிய ஸ்லைடுகளில் கோழிக் கருவைச் சாயமேற்றிப் பதித்து வைத்திருக்கிறார்கள். 24 மணி, 33 மணி, 48 மணி, 72 மணி, 96 மணி என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீட்டு ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, பதிவேட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கினால் அன்றைய செய்முறை முடிந்தது.

நானும் வரைந்தேன். 24 மணியில் ஒரு கோடும் அதன் முன்பக்கத்தில் ஒரு மடிப்பும். 33 மணியில் மூளையின் புடைப்புகளும் குழாய் போன்ற இதயமும். 48 மணியில் கரு தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கிடக்கிறது. 72 மணியில் இறகுக்கும் காலுக்கும் மொட்டு விட்டிருக்கிறது. வரைந்து முடித்தபின் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. "ஐயா, 24-க்கும் 33-க்கும் நடுவில் இருக்கிற ஒன்பது மணி நேரம் எங்கே போயிற்று?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "அந்த ஒன்பது மணி நேரத்தைத் தேடித்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் சில பேர் சினிமாக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள். அவர்கள் யார் என்று போய்ப் படி" என்றார். படித்தவற்றில் என் அறிவுக்கு எட்டியவரை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பொருளில் எனக்கு இவ்வளவு நாட்டம் ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். பள்ளியில் படித்தபோது மனித இனப்பெருக்கப் பாடம் வந்த அன்று, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் யாரிடம் படிப்பது? என் தாயார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எனக்கு முன்னால் அவர் வயிற்றில் ஒரு குழந்தை தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கியதால்தான் அப்படி ஆயிற்று என்று ஊரில் சொன்னார்களாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மா அதை நம்பிக்கொண்டிருந்தார். கருவியல் எனக்குத் தேர்வுத் தாள் மட்டுமன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

கரு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஆசை புதியதன்று. பழங்காலக் கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, இருபது முட்டைகளை அடைவைத்து நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கும்படி சொல்கிறது. அரிஸ்டாட்டிலும் முட்டைகளைத் திறந்து பார்த்து, மூன்று நாள் கழிந்ததும் வெண்கருவில் ஓர் இரத்தப் புள்ளி உயிருள்ளதுபோல் துடிப்பதை எழுதிவைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் மால்பீகி நுண்ணோக்கியின் துணையுடன் கோழிக் கருவை வரைந்தார். எல்லாமே அரிய வேலைகள்தாம். ஆனால் இவை அனைத்திலும் ஒரே குறை இருந்தது. முட்டையை உடைத்தால் அந்தக் கரு அத்துடன் முடிந்தது. இருபது முட்டைகளைப் பார்த்தவர் பார்த்தது ஒரு குஞ்சு வளர்ந்த கதையை அன்று. இருபது குஞ்சுகளின் கடைசி நிமிடங்களை. அவற்றை வரிசையாக அடுக்கி, நடுவில் உள்ளதை மனத்தால் நிரப்பிக்கொண்டார்கள். எங்கள் மரப்பெட்டியும் அதே முறையில் அடுக்கியதுதான்.

சினிமா வந்தபின் இந்தக் குறையைத் தீர்க்க வழி பிறந்தது. அதற்கு முதலில் கைகொடுத்தது கோழியன்று, கடல் முள்ளெலி. பெயரைக் கண்டு எலி என்று எண்ணிவிட வேண்டாம். முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்த, உருண்டையான, உடலெங்கும் முள் நிறைந்த கடற்பிராணி அது. முட்டையும் விந்தும் கடல்நீரில் வெளியேறி, அங்கேயே கருவுறுகின்றன. முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பல இனங்களில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர் விந்தின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றுசேர்வதை விளக்கியது இந்த முட்டையை வைத்துத்தான். தாயின் உடலை அறுக்க வேண்டாம், ஓட்டை உடைக்க வேண்டாம், ஒரு சொட்டுக் கடல்நீர் போதும். படம் பிடிக்க இதைவிட வசதியான உயிர் ஏது?

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யூலியஸ் ரீஸ் என்பவர் 1907-இல் கடல் முள்ளெலி முட்டை கருவுற்றுப் பிளவுபடுவதை நுண்ணோக்கி வழியே சலனப்படமாக எடுத்தார். பாடம் நடத்தும்போது மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1909-இல் அதைப்பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே 1909-இல் பிரான்சில் செவ்ரோத்தோன் என்ற பெண்மணியும் விலெஸ் என்பவரும் அதே உயிரின் வளர்ச்சியைப் படமெடுத்து பாரிஸ் அறிவியல் அகாதெமிக்குத் தெரிவித்தார்கள். கருவளர்ச்சியை முதன்முதலில் படமாக்கிய ஒரு சிலருள் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை எங்கள் வகுப்புத் தோழியர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் சுவையே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஊமைப்பட காலத்தில் திரையில் வினாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. கருவுற்ற முட்டை சவ்வை உடைத்துக்கொண்டு நீந்தும் நிலைக்கு வர ஏறத்தாழ அரை நாள் ஆகிறது. 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று நிமிடத்தில் காட்ட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 180 வினாடி. 16 ஆல் பெருக்கினால் 2,880 படங்கள். 12 மணி நேரத்தில் 43,200 வினாடிகள். ஆகவே 15 வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் போதும். இதையே கோழி முட்டைக்குச் செய்தால்? 21 நாளை ஐந்து நிமிடமாகச் சுருக்க 4,800 படங்கள்; ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டும். இரவும் பகலும் மூன்று வாரம்!

கணக்கு எளிது, காரியம் கடினம். படம் பதிய வலுவான வெளிச்சம் வேண்டும். அக்காலத்தில் அதற்குக் கார்பன் வில் விளக்குதான். அதன் வெப்பம் ஒரு சொட்டு நீரில் கிடக்கும் முட்டையை வேகவைத்துவிடும். எனவே விளக்குக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியை வைத்து வெப்பத்தை வடிகட்டுவார்கள். படமெடுக்கும் கணத்தில் மட்டும் ஒளி விழும்படி மூடியும் அமைப்பார்கள். தெருவில் வண்டி போனால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் படம் குலையும். கரு வளர வளரக் குவியம் மாறும். நீர் ஆவியாகி உப்பு கூடினால் முட்டை சுருங்கும். இவ்வளவையும் தாண்டி வந்த மூன்று நிமிடம் அது.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன தெரியும்? கருவுற்றதும் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு மேலெழும்பும். சிறிது நேரம் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பிறகு முட்டை நீண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு குறுக்கே பிளந்து எட்டாகும். அடுத்த பிளவில் மேல்பாதி சமமாகவும் கீழ்ப்பாதி சமமின்றியும் பிரிந்து, 16 செல்களில் நான்கு மட்டும் மிகச் சிறியனவாக அடியில் ஒதுங்கும். புத்தகத்தில் இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு பிளவுக்கு முன்னும் செல் தன்னை இறுக்கி, பிளந்தபின் தளர்ந்து, பக்கத்துச் செல்லோடு சாய்ந்துகொள்ளும் காட்சியை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பிளவிப்பெருகல் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் கத்தியால் வெட்டுவதுபோல் ஒன்றைத்தான் நான் நினைத்திருந்தேன். வெட்டுபவர் எவரும் இல்லை. அது தானே பிரிகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. இந்த இடைவெளிப் பட முறையில் இங்கிலாந்தில் புகழ் பெற்றவர் பெர்சி ஸ்மித். அவர் பேராசிரியரோ டாக்டரோ அல்லர். கல்வி வாரியத்தில் எழுத்தராக இருந்தவர். 1910-இல் பூ மலர்வதைப் படமாக்கினார். பின்னர் 1922-இல் தொடங்கிய 'இயற்கையின் இரகசியங்கள்' என்ற படத்தொடருக்காக வீட்டையே சோதனைச் சாலையாக்கிக்கொண்டார். கிடைத்த சாமான்களைக் கொண்டு பொறிகள் செய்து, இரவில் ஏதாவது கோளாறு என்றால் எழுப்பிவிட மணியும் கட்டிவைத்திருந்தாராம். அரசு அலுவலகக் கோப்புகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் இப்படிக் கிளம்பியதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஸ்மித்துக்கு நேர் எதிரான பிறப்பு ழான் பென்லவேயுடையது. அவருடைய தந்தை பால் பென்லவே பெரிய கணித மேதை. பிரான்சின் பிரதமராகவும் இருந்தவர். மகன் சோர்போனில் விலங்கியல் படித்துவிட்டு, முள்மீன் முட்டை கருவுற்றதிலிருந்து குஞ்சு பொரிப்பதுவரை ஒரு ஊமைப் படம் எடுத்தார். முள்மீனில் ஆண்தான் கூடு கட்டும். முட்டைகளுக்குக் காவலிருந்து, துடுப்பால் நீரை விசிறிக் காற்றூட்டுவதும் அதுவே. அந்த முட்டையும் ஒளி ஊடுருவுவது. உள்ளே இதயம் துடிப்பதும் இரத்தம் ஓடுவதும் வெளியிலிருந்தே தெரியும். 1928-இல் அந்தப் படத்தை அறிவியல் அகாதெமியில் திரையிட்டார். இருபத்தைந்தைத் தாண்டியிருந்த இளைஞர், எதிரே நரைத்த தலைகள். அவர்களுள் ஒருவர், சினிமா என்பது அறிவாளிகள் பொருட்படுத்தத் தக்கதன்று என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

அவர் கோபத்தை நான் முற்றிலும் குறை சொல்லமாட்டேன். அக்காலத்தில் சினிமா என்றால் சந்தைக் கொட்டகையில் காட்டும் வேடிக்கை. அதைவிட முக்கியமான ஐயம் ஒன்றும் உண்டு. 12 மணி நேரத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கியபின் திரையில் தெரிவது உண்மையா, காமிரா செய்த மாயமா? கரு அவ்வளவு வேகமாகத் துள்ளுவதில்லையே! நேரத்தைச் சுருக்கிக் காட்டும் படத்தில், எத்தனை வினாடிக்கு ஒரு படம் என்று சொல்லாவிட்டால் அது அறிவியலாகாது. இது என் கருத்து. எழுந்து போனவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுமை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஐயத்துக்கு மறுமொழி அடுத்த ஆண்டே வந்துவிட்டது. அதுவும் நம் கோழி முட்டையிலிருந்தே வந்தது. 1929-இல் லுட்விக் கிரேப்பர் என்ற ஜெர்மானியர், கோழிக் கருத்தட்டின் செல்களுக்கு உயிருடனேயே சாயம் தீட்டி, இரு கண்ணால் பார்ப்பதுபோல் ஆழம் தெரியும்படி சலனப்படம் எடுத்து ஆராய்ந்ததை வெளியிட்டார். கோழிக் கருவின் வளர்ச்சியில் முதலில் தோன்றும் அச்சாகிய ஆதிக்கோடு எப்படி உருவாகிறது என்பதுதான் கேள்வி. ஸ்லைடில் பார்த்தால் அது வெறும் கோடு, யாரோ பென்சிலால் கிழித்ததுபோல. கிரேப்பரின் படத்தில் செல்கள் கூட்டம் கூட்டமாக நகர்ந்தன. இடப்புறம் ஒரு சுழல், வலப்புறம் எதிர்த்திசையில் ஒரு சுழல். இரண்டும் பின்பக்க நடுக்கோட்டில் சந்தித்து முன்னோக்கி நீண்டன. போலந்து நாட்டில் இணையிணையாக நடுவே நடந்து, இருபுறமும் பிரிந்து, வளைந்து வந்து மீண்டும் சேரும் ஊர்வல நடனம் ஒன்று உண்டு. அதன் பெயரால் இதற்குப் 'பொலொனேஸ் நகர்வு' என்று பெயரிட்டார். இன்றைய நுண்ணோக்கிகளும் கணினிகளும் அந்தச் சுழல்களை மீண்டும் மீண்டும் உறுதி செய்திருக்கின்றன. கருவியல் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது.

இந்த நடனம் அடைவைத்த முதல் நாளிலேயே, ஏறத்தாழ 18 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. எங்கள் மரப்பெட்டியின் முதல் ஸ்லைடோ 24 மணி. நாங்கள் பார்க்கத் தொடங்கும்போது ஆட்டம் கலைந்து, மேடையில் கோடு மட்டும் மிச்சம். தொலைந்த ஒன்பது மணி நேரத்தைத் தேடப் போன எனக்கு, அதற்கு முன்பும் ஒரு பகலிரவு தொலைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அதே 1929-இல் அமெரிக்காவில் வாரன் லூயிஸ், கிரெகரி என்ற இருவர் முயலின் உயிருள்ள முட்டை பிளவுபட்டு வளர்வதைப் படமாக்கி அறிவித்தார்கள். லூயிஸ் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் பிரிவில் இருந்தவர். பாலூட்டியின் முட்டை தாயின் உடலுக்குள் இருப்பது. அதை வெளியே எடுத்து உயிரோடு வைத்திருப்பதே பெரிய பாடு. முயலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முயலில் இணை சேர்ந்தபின் ஏறத்தாழப் பத்து மணி நேரத்தில் சினைமுட்டை வெளிப்படும். எனவே கருவுற்ற நேரத்தை ஏறத்தாழச் சரியாகச் சொல்ல முடியும். வான் பேயர் நாயின் சினைமுட்டையைக் கண்டறிந்து 1827-இல் வெளியிட்டதிலிருந்து, பாலூட்டியின் முட்டை அசைவதைத் திரையில் பார்க்க நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

முயல்வரை வந்தாயிற்று. அடுத்து மனிதன்தானே? அங்கேதான் கதவு சாத்தியிருந்தது.

அறிவியல் காரணமும் இருந்தது, மறுக்கவில்லை. மனிதக் கருவை உடலுக்கு வெளியே உருவாக்கும் வழி அன்று இல்லை. அந்தக் கார்னகிப் பிரிவிலேயே ஆயிரக்கணக்கான மனிதக் கருக்களைச் சேகரித்து, வெட்டுச் சீவல்களாக்கி, முதல் எட்டு வாரங்களைப் பின்னாளில் 23 நிலைகளாகப் பகுத்தார்கள். அவை கருச்சிதைவாலும் அறுவையாலும் கிடைத்தவை. அதுவும் ஒரு மரப்பெட்டிதான், நம்முடையதைவிடப் பெரியது. ஆனால் கதவு சாத்தியதற்கு அறிவியல் மட்டும் காரணமன்று. மக்களுக்குக் காட்டிய படங்களைப் பார்த்தால் அது புரியும்.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, பிரே என்ற பட நிறுவனத்தின் வழியாக 'உயிரின் அறிவியல்' என்ற தலைப்பில் பன்னிரண்டு ஊமைப் படங்களைப் பள்ளிகளுக்காக வெளியிட்டது. அவற்றுள் கீழ்நிலை உயிர்களின் இனப்பெருக்கம் பற்றி ஒன்று, மேல்நிலை உயிர்களின் இனப்பெருக்கம் பற்றி ஒன்று. உடல்நலம் பற்றிய படங்களில் இளைஞருக்குத் தனி, இளம்பெண்களுக்குத் தனி. பாலறிவு தரும் படங்களை ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக் காட்டுவதும் அங்கே வழக்கமாக இருந்தது. அக்காலப் பாலறிவுப் பாடங்களின் பொதுவான வழி ஒரு படிக்கட்டு: மகரந்தம், மீன், தவளை, கோழி, முயல் என்று ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். மேல்படிக்கு வந்ததும் சட்டென்று தொட்டிலும் தாயும் குழந்தையும்! நடுப்படி இல்லை. பள்ளியில் எனக்கு நேர்ந்ததும் அதுவே என்று எண்ணிக்கொண்டேன். மலர், மண்புழு, தவளை எல்லாம் நடத்தினார்கள். மனிதனுக்கு வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்."

ஆயினும் அந்தப் படங்களை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். காட்டியவர்கள் வேலைக்கும் பேருக்கும் வரக்கூடிய ஆபத்தை அறிந்தே காட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் 1930-இல் திரைக்கு வந்த ஒரு படம் மகப்பேற்றையும், வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுப்பதையும் நேராகக் காட்டியது. அதைப் படமாக்கியவர் ருஷ்யாவின் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் எடுவார்த் திஸ்ஸே. அதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. பேசும்படம் வந்த பின்னும் நிலை மாறவில்லை. 1938-இல் ஒரு குழந்தையின் பிறப்பைப் பற்றிய அமெரிக்கப் படத்துக்கு நியூயார்க் தணிக்கையாளர்கள் அனுமதி மறுத்தார்கள். அதன் காட்சிகளை அச்சிட்ட 'லைஃப்' இதழைப் பல ஊர்களில் விற்கவிடாமல் தடுத்தார்கள்.

ஊமைப் படம் என்கிறோமே தவிர, அந்த அரங்குகள் ஊமையாக இருக்கவில்லை. நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். பல இடங்களில் மருத்துவரோ ஆசிரியரோ திரைக்கு அருகில் நின்று விளக்கம் சொல்வார். கேட்க விரும்புபவர் கேட்கலாம். இதைப் படித்த அன்றுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கடல் முள்ளெலி முட்டைகள் பிளவுபடும் படம் ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி எடுத்துச் சென்றேன். இக்காலத்தில் எடுத்த படந்தான். முறை மட்டும் ரீஸ் காலத்து முறை. அப்பத்தா அப்போது ஒரு கோழியை அடைவைத்திருந்தார். வைக்கோல் கூடைக்குள் முட்டையோடு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் கிடந்தன. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். அந்தக் கூடைக்குப் பக்கத்துத் திண்ணையில் அம்மாவை உட்காரவைத்து, ஆங்கில விளக்கத்தின் ஒலியை அணைத்துவிட்டு, நானே சொல்லத் தொடங்கினேன்.

"என்னடி இது, தண்ணிக்குள்ள சவ்வரிசி கணக்கா?" என்றார்.

"முட்டைம்மா. ஒவ்வொண்ணும் ஒரு உயிரு."

இரண்டானது, நான்கானது, எட்டானது. அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு முட்டைகள் திரையில் இருந்தன. எல்லாம் பெருகிக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒன்று மட்டும் நான்கோடு நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அம்மா விரலை வைத்துக் காட்டினார்.

"இது ஏன் அப்படியே நின்னுருச்சு?"

"சிலது அப்படித்தாம்மா, நின்னுரும்."

"அதுக்கு யாரு என்ன செஞ்சா?"

"யாரும் ஒண்ணும் செய்யல. உள்ளுக்குள்ள இருக்கற கணக்குல ஒரு பிசகு. அதுக்கு மேல அதால வளர முடியல."

மனிதரிலும் தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கையில் ஏற்படும் பிழையே காரணம் என்பதையும், கிரகணத்துக்கும் அரிவாள்மனைக்கும் அதில் பங்கில்லை என்பதையும் எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். அம்மா மறுமொழி சொல்லவில்லை. படம் முடிந்ததும் கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு உலையைப் பார்க்கப் போனார். அப்பத்தாதான், "கோழி முட்டைக்கு இப்படிப் படம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மறுநாள் காட்டினேன். அவர் கரித்துண்டை எடுக்கவில்லை. ஆனால் இதயம் துடிக்கும் இடத்தை இரண்டு முறை போடச் சொன்னார்.

மனிதக் கருவுக்குச் சாத்தியிருந்த கதவு பின்னாளில் திறந்தது. 1969-இல் மனிதச் சினைமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ததாக எட்வர்ட்ஸ் குழுவினர் அறிவித்தார்கள். 1978-இல் லூயிஸ் பிரவுன் பிறந்தார். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களின் பேருந்து நிலையங்களில்கூடக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளைக் காண்கிறோம். இத்தகைய மையங்கள் சிலவற்றில், கருக்களை வளர்க்கும் வெப்பப் பெட்டிக்குள்ளேயே காமிரா பொருத்தி, சில நிமிடங்களுக்கு ஒரு படமாக எடுத்து, எந்தக் கரு ஒழுங்காகப் பிளவுபடுகிறது என்று பார்க்கிறார்கள். ரீஸும் செவ்ரோத்தோனும் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக்கொண்டு நடந்து 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், இவ்வாறு படம் பார்த்துத் தேர்ந்ததால் குழந்தைப்பேறு கூடியதாகத் தெரியவில்லை. கரு நகர்வதைப் பார்ப்பது வேறு, அது நிலைக்குமா என்று முன்கூட்டிச் சொல்வது வேறு போலும். இதுபற்றி எழுத எனக்கு இன்னும் படிப்புப் போதாது.

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. என் பதிவேட்டில் 33 மணிக் கருவின் படத்துக்குக் கீழே, குழாய் இதயம் துடிக்கத் தொடங்குவது ஏறத்தாழ 33-ஆவது மணியிலிருந்து 38-ஆவது மணிக்குள் என்று பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன். ஸ்லைடில் தெரியாததை எழுதக்கூடாது என்று வெளித்தேர்வாளர் சொன்னால் அழித்துவிடலாம், அதற்காகத்தான் பென்சில்.